அடி வாங்கினால்தான் கற்க முடியுமா?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பருவத்தில், புறப்பாடப் புள்ளிக்காகத்தான் கராத்தே கிளப்பில் பெயர் கொடுத்தேன். அங்கிருந்தவர்களில் பலர் ஆரம்பப் பள்ளியிலிருந்தே பழகி, பழுப்புப் பட்டை வரை வந்தவர்கள். நானோ வெள்ளைப் பட்டையை எப்படிக் கட்டுவது என்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டேன்.

நான்காவது வாரம் குமித்தே. எதிராளியுடன் நேருக்கு நேர் மோதிப் பழகும் பயிற்சிக்குக் கராத்தேயில் அதுதான் பெயர். அந்த இரண்டு நிமிடத்தில் நான் மூன்று காரியங்கள் மட்டுமே செய்தேன். கண்ணை மூடினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன், பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். முகத்தில் ஒரு குத்து பலமாக விழுந்தது. தலை சுற்றியது. “ஓகேயா?” என்று கேட்டார்கள். “ஓகே” என்றேன். விடுதிக்குப் போன பிறகும் தலைவலி விடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. “அடி வாங்கினாத்தான் கத்துக்க முடியும்” என்று சீனியர் அண்ணன் ஒருவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். நானும் அதை நம்பினேன்.

நம்பியதன் பலன் ஒன்றரை ஆண்டு கழித்துத் தெரிந்தது. முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் எனக்கு ஜோடியாக வந்தார். அவரும் என்னைப் போலவே பின்னால் போனார். நான் விடாமல் துரத்தி அடித்தேன். முடிந்ததும் அதே வாக்கியத்தை அவரிடம் சொன்னேன். மறுவாரம் அவர் வரவில்லை. கேட்டதற்கு, “எனக்கு இது சரிப்பட்டு வராதுக்கா” என்று செய்தி அனுப்பினார்.

அந்த வாக்கியம் பாதி உண்மைதான். அடி படுமோ என்ற பயம், குத்து நம்மை நோக்கி வரும்போதுதான் குறையும். காற்றில் ஆயிரம் முறை குத்தினாலும் அது வராது. ஆனால் பலமாக அடித்தால்தான் பயம் போகும் என்பது தவறு. பலமான அடி பயத்தைக் கூட்டுகிறது. பயந்தவர் கண்ணை மூடுகிறார். கண்ணை மூடியவர் எதையும் கற்பதில்லை.

போட்டி விதிகளும் இதையே சொல்கின்றன. உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதிப்படி குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. அளவுக்கு மீறி அடித்தால் தண்டனை. 2021ஆம் ஆண்டு நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், ஆண்களுக்கான 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிச் சுற்றைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என முன்னிலையில் இருந்தார். அவருடைய உதையில் ஈரானின் சஜாத் கஞ்ஜாதே நினைவிழந்து விழுந்தார். அளவு மீறிய தாக்குதல் என்று ஹமேதி தகுதி நீக்கப்பட்டார். விழுந்தவருக்குத் தங்கம், வீழ்த்தியவருக்கு வெள்ளி. அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் கட்டுப்பாடு இல்லாத பலத்துக்குக் கராத்தேயில் புள்ளி இல்லை என்பதில் வாதம் இல்லை.

அப்படியானால் புதியவர் எப்படித்தான் முன்னேறுவது? எனக்கு வழிகாட்டியவர் என் வகுப்புத் தோழி ஒருத்தி. கறுப்புப் பட்டை வாங்கியவள். “பெலான்-பெலான்” என்பதுதான் அவள் சொன்ன முதல் பாடம். பாதி வேகத்தில் குத்துவாள். நான் தடுப்பேன். தடுக்க முடிகிறது என்று தெரிந்த பிறகே வேகத்தைக் கூட்டுவாள்.

அவளிடம் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிராளியின் கையைப் பார்க்காதீர்கள். மார்பையும் தோளையும் சேர்த்துப் பாருங்கள். கை நீள்வதற்கு முன்பே தோள் அசையும். மூச்சை அடக்காதீர்கள், குத்தும்போது வெளியே விடுங்கள். ‘கியாய்’ என்று கத்துவதில் அந்தப் பயனும் உண்டு. நேராகப் பின்வாங்கினால் எல்லைக் கோடுதான் மிஞ்சும். ஓர் அடி பின்னால் போனால் அடுத்த அடி பக்கவாட்டில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடைவெளியைப் பழகுங்கள். அவர் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, நாம் குத்தும்போது மட்டும் உள்ளே போய் உடனே வெளியே வருவதுதான் குமித்தேயில் பாதி. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு குத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பின்கையால் குத்தும் ‘கியாக்கு ஸுக்கி’யை எடுத்துக்கொண்டேன். மற்றதில் எல்லாம் தோற்றாலும் பரவாயில்லை, அந்த ஒன்று சரியாக விழுந்ததா என்று மட்டும் பார்த்தேன்.

இது புதிய முறையும் அல்ல. ஷோத்தோகான் போன்ற பிரிவுகளில் முதலில் ஐந்து அடி, பிறகு மூன்று, பிறகு ஒன்று என, எங்கே அடிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லித் தாக்கும் ஜோடிப் பயிற்சிகள் உண்டு. சுதந்திரமாக மோதுவது அந்தப் படிகளைக் கடந்த பிறகுதான். அவசரத்தில் அந்தப் படிகளைத் தாண்டிக் குதிப்பவர்கள் நாம்தான்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்குப் போனபோது மலாய்மொழியில் பிழை விடுவேனோ என்று பல மாதங்கள் வாயே திறக்காமல் இருந்தவள் நான். ஒரு நாள் பேசியபோது வகுப்பே சிரித்தது. அதன் பிறகு இன்னும் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பு என் மலாயை வளர்க்கவில்லை. பிழையைத் திருத்திவிட்டு, “சரி, மேலே சொல்” என்று காத்திருந்த ஆசிரியர்தான் வளர்த்தார். டோஜோவிலும் அப்படி ஒருவர் தேவைப்படுகிறார்.

ஆகவே, தற்காப்புக் கலை சொல்லித்தரும் பள்ளி, கல்லூரி கிளப்புகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. புதியவரைப் புதியவருடன் மோதவிடாமல், கையை அடக்கத் தெரிந்த மூத்தவருடன் சேர்த்துவிடுங்கள். வேகத்தைப் புதியவர் முடிவு செய்யட்டும். அவர் கையை உயர்த்தினால் மோதல் நிற்கட்டும். தலையில் அடிபட்டுத் தலைசுற்றல், குமட்டல், தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் அன்றைய பயிற்சி அதோடு முடியட்டும்; மருத்துவரைப் பார்க்கட்டும். “ஓகே” என்று அவர் சொல்வதை மட்டும் நம்பி அனுப்பிவிடாதீர்கள்.

புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளே, வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். அது கோழைத்தனம் அல்ல. உங்கள் ஜோடிக்கு நீங்கள் தரும் தகவல் அது. அது தெரிந்தால்தான் அவரும் கட்டுப்பாட்டைக் கற்பார்.

அந்தத் தம்பிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். “பரவால்லக்கா” என்று பதில் வந்தது. அவர் இன்னும் திரும்பி வரவில்லை. அந்தப் “பரவால்ல” என்னவென்று எனக்குத் தெரியும். நானும் ஒரு நாள் “ஓகே” என்று சொன்னவள்தானே.