தேர்வுக்குழு காரணம் சொல்லட்டும்

ஆலுவாவில் பெரியாற்றின் மேலே போகும் ஒடுக்கமான தொட்டிப்பாலத்துக்கு இன்று 'பிரேமம் பாலம்' என்றே பெயர். அந்தப் பெயரைத் தந்த மலையாளப் படம், ஆலுவாக்காரரான அல்போன்ஸ் புத்திரன் இயக்கி, அதே ஊர்க்காரரான நிவின் பாலி நடித்த 'பிரேமம்', 2015 மே மாதம் வெளியானது. டப்பிங் செய்யாமலேயே சென்னையில் 200 நாட்களைத் தாண்டி ஓடியது. படத்தில் வரும் மலர் டீச்சரைத் தமிழர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே கொண்டாடினார்கள். ஆனால் அந்த ஆண்டின் கேரள அரசு விருதுகளில் அந்தப் படத்துக்கு ஒன்றுகூட இல்லை. பாட்டுக்கும் இல்லை, படத்தொகுப்புக்கும் இல்லை. அக்கறையோடு எடுக்கப்படாத படம் என்ற பொருளில் தேர்வுக்குழுத் தலைவர் மோகன் பின்னர் பேசினார். சிறந்த படமாக 'ஒழிவுதிவசத்தெ களி' தேர்வானதில் நமக்குக் குறையில்லை, அது தகுதியான படம்தான். ஆனால் 'பிரேமம்' படத்தொகுப்பின் துள்ளல் திட்டமிட்டுச் செய்தது. அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டது பெரும் பிழை.

2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்ட 71-வது தேசிய விருதுகளிலும் மனக்குறைதான். 'ஆடுஜீவிதம்' வெறுங்கையோடு நின்றது. 'தி கேரளா ஸ்டோரி' சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றது. அப்போதைய கேரள முதல்வர் பினராயி விஜயன் அதைக் கண்டித்தார். 'உள்ளொழுக்கு' படத்தையே தோளில் சுமந்த ஊர்வசிக்குத் துணை நடிகை விருது. எந்த அளவுகோலில் என்று அவரே வெளிப்படையாகக் கேட்டார். நியாயமான கேள்வி.

இவை மக்கள் பணத்தில் தரப்படும் விருதுகள். இறுதிச் சுற்றுக்கு வந்த படங்களின் பட்டியலையும், ஒரு வேடம் முதன்மையா துணையா என்று பிரித்த காரணத்தையும் தேர்வுக்குழு எழுத்தில் வெளியிட வேண்டும். தேசிய விருதுகளைத் தரும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் மாநில விருதுகளை நடத்தும் கேரள சலச்சித்ர அகாதமியும் அடுத்த அறிவிப்புக்கு முன்பே இதை விதியாக்க வேண்டும்.