தொட்டியை மாத்தாதீங்கய்யா, மோட்டாரைப் பாருங்க!

காலைல சாவியைத் திருப்புனா 'டிக்... டிக்...'னு சத்தம் மட்டும் வருது. வண்டி கிளம்பல. உடனே வர்ற தீர்ப்பு என்ன? "பேட்டரி போச்சு சார், மாத்திருங்க." மீட்டர் வச்சுப் பார்த்தாரான்னு கேக்காதீங்க. பானட்டைத் தூக்குறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்துரும்.

இந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. கார் வச்சிருக்கிற பதிவர்கள் எல்லாம் கொஞ்சம் உக்காந்து படிங்க. பைக்கோட போதும்னு இருக்கிறவங்களும் படிக்கலாம், காசா பணமா :)

மொட்டை மாடித் தொட்டியில தண்ணி இல்லைன்னா நாம என்ன பண்ணுவோம்? மோட்டார் ஓடுதா, பைப்பு எங்கயாச்சும் ஒழுகுதான்னு பார்ப்போம். புதுத் தொட்டி வாங்கி வைக்க மாட்டோம். கார்ல பேட்டரிங்கிறது தொட்டி. ஆல்டர்னேட்டர்தான் மோட்டார். (நம்ம ஊரு மெக்கானிக்குக இன்னமும் 'டைனமா'ன்னுதான் சொல்வாங்க.) ஆனா கார்னு வந்துட்டா மட்டும் தொட்டியை மாத்திட்டு வீட்டுக்கு வந்துர்றோம். என்ன கணக்கு இது?

எங்க சிம்மக்கல் பக்கம் டூரிஸ்ட் கார் ஓட்டுற அண்ணன் ஒருத்தர். சொந்த வண்டி, மாசாமாசம் டியூ கட்டுறார். வண்டி படுத்துச்சு, புது பேட்டரி போட்டார். மூணே வாரம், கொடைக்கானல் சவாரி அன்னைக்குக் காலைல மறுபடி படுத்துருச்சு. சவாரி போச்சு. வாரண்டி இருக்கேன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போனா, சார்ஜ் போட்டுப் பார்த்துட்டு, "பேட்டரி நல்லா இருக்குண்ணே, உங்க வண்டியிலதான் சார்ஜ் ஏறல"ன்னு சொல்றாங்க. அட, இதைத்தானய்யா பணம் வாங்குறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்! கடைசியில பார்த்தா ஆல்டர்னேட்டர் உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சு தொட்டும் தொடாம இருந்திருக்கு. பேட்டரி விலையோட ஒப்பிட்டா அது சில்லறைக் காசு.

சரி, எப்படித்தான் பார்க்கிறது? முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

1. ராத்திரி நிறுத்துன வண்டியைக் காலைல ஸ்டார்ட் பண்ணாம பேட்டரி ரெண்டு முனையிலயும் மீட்டரை வைங்க. 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ். 12.2 இருந்தா ஏறக்குறைய பாதி.

2. ஸ்டார்ட் பண்ணி, லேசா ரேஸ் பண்ணி மறுபடி பாருங்க. 13.8லேர்ந்து 14.5க்குள்ள இருக்கணும். அதே பழைய 12 சொச்சம்தான்னா சார்ஜ் வரல. 15க்கு மேலன்னா ரெகுலேட்டர் போச்சு. பேட்டரித் தண்ணி சீக்கிரம் வத்தும், பல்பு வரிசையா பியூஸ் ஆகும்.

3. ஹெட்லைட், ஏசி எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. ரேஸ் பண்ணியும் 13க்குக் கீழ இறங்குனா முதல்ல பெல்ட்டைப் பாருங்க, தொளதொளன்னு இருக்கான்னு. அப்புறம் பேட்டரி முனையில பச்சையா வெள்ளையா பூத்திருக்கிற உப்பு, எர்த் வயர், ஆல்டர்னேட்டர்லேர்ந்து வர்ற தடிச்ச வயர். இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் ஆல்டர்னேட்டரைக் கழட்டுங்க.

4. வண்டி ஓடும்போது ஒழுங்கா சார்ஜ் ஏறுது, ஆனா ரெண்டு நாள் நிறுத்துனா பேட்டரி படுத்துருதா? எங்கயோ ஒழுகுது. எல்லாம் அணைச்சப்புறம் சுமார் 50 மில்லி ஆம்பியருக்கு மேல கரண்ட் போகக்கூடாது. பின்னாடி மாட்டுன ஆம்ப்ளிபயர், அலாரம், ஆல்டர்னேட்டர்ல கெட்டுப்போன டயோடு, யாரு வேணா திருடனா இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. புது வண்டிகள் சிலதுல எவ்வளவு சார்ஜ் ஏத்தணும்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணும். ஓடும்போதே 12.8 காட்டும், அது கோளாறு இல்ல. அந்த வண்டிக்கு ஸ்கேனர் வேணும்.

அடுத்து, என் பி.பியை ஏத்துற ஒரு வைத்தியம். வண்டி ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரி வயரைப் புடுங்குறது! "நின்னா டைனமா அவுட்டு, ஓடுனா நல்லாருக்கு." பழைய அம்பாசடர், பியட்ல நிஜமாவே டைனமோ இருந்த காலத்து வித்தை இது. அதுல கெட்டுப்போக கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. இப்ப ஓடுற வண்டியில அப்படிப் புடுங்குனா வோல்டேஜ் சட்டுனு எகிறும். அதை வாங்கித் தணிக்க பேட்டரி இருக்காது. டயோடோ, ஈசியூவோ காலி. சும்மா இருந்த வண்டிக்கு சுளையா செலவு. யாராச்சும் ஸ்பேனரோட கிட்ட வந்தா கையைப் புடிச்சுருங்க.

டி.வி.எஸ். 1911ல தொடங்கின ஊரு இது. 1961ல ஆரம்பிச்ச அந்தக் குடும்பத்து லூகாஸ் டி.வி.எஸ். பாடியில ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டருமா செஞ்சு தள்ளுது. மோட்டார் தொழில்ல இம்புட்டுப் பேரு வாங்குன ஊர்ல, மீட்டர் வைக்காம தீர்ப்பு சொல்றதை நாம ஏன் பொறுத்துக்கிறோம்?

இங்கதான் நம்ம பக்கத்துத் தப்பும் இருக்கு. நல்லா வேலை தெரிஞ்ச எலக்ட்ரீசியன் நம்ம ஊர்ல இன்னமும் இருக்காங்க. அரைமணி நேரம் கீழ படுத்து, வயர் வயரா பார்த்து, "பெல்ட்டுதான் லூசு"ன்னு சொல்லி இறுக்கிக் குடுத்துட்டு இருநூறு ரூபாய் கேட்டா நாம என்ன சொல்றோம்? "பெல்ட் இறுக்குனதுக்கு இருநூறா?"ங்கிறோம். அதுவே புது பேட்டரிக்கு மறுபேச்சில்லாம ஆயிரக்கணக்குல எடுத்து வைக்கிறோம். கண்டுபிடிக்கிற மூளைக்குக் காசு தரமாட்டோம், பொருளுக்கு மட்டும் தருவோம்னா அவரும் பொருளைத்தான் விப்பார். பேட்டரி வித்தா லாபம், பழைய பேட்டரியில இருக்கிற ஈயத்துக்குத் தனிக் காசு. பெல்ட்டை இறுக்குனா திட்டு. அவரு எதைச் செய்வார்?

பேட்டரி சாகவே சாகாதுன்னு சொல்லல. மதுரை வெயில்ல சீக்கிரமே சாகும். கோரிப்பாளையம் சிக்னல்ல ஏசியைப் போட்டுட்டு ஐடிலிங்ல நின்னா சார்ஜும் சரியா ஏறாது. முழு சார்ஜ் இருந்தும் ஸ்டார்ட் பண்றப்ப 9.6க்குக் கீழ விழுந்தா, பேட்டரி போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. லோடு டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிட்டு தாராளமா மாத்துங்க. ஆனா அளந்துட்டு மாத்துங்க.

அடுத்த தடவை யாராச்சும் "பேட்டரி போச்சு"ன்னா, சண்டையெல்லாம் போட வேணாம். "அண்ணே, வண்டி ஓடும்போது எத்தனை வோல்ட் வருது?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நம்பர் சொல்றவருகிட்ட வண்டியை விடுங்க, அவரு கேக்குற கூலியைப் பேரம் பேசாம குடுங்க. முழிக்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.

டிஸ்கி: அந்த டிரைவர் அண்ணன் இப்ப டேஷ்போர்டுல சொந்தமா மீட்டர் வச்சிருக்கார். அவருகிட்ட எவனும் பேட்டரி விக்க முடியாது. சொல்லிட்டேன், ஆமா!