நினைவாற்றலும் மின்னாற்றலும்

மூளையில் மின்சாரம் பாய்ச்சி நினைவாற்றலைப் பெருக்கலாம் என்னும் செய்தி இன்று பலரையும் மயக்குகின்றது. இஃது எத்துணை உண்மை என நாம் ஆராய்தல் நன்று.

கனடா நாட்டு மருத்துவர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளர்க்கு அறுவை மருத்துவம் செய்யுங்கால், விழித்திருந்த அவர்தம் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தீண்டினார். பழைய பாடல் கேட்பதாகவும் பழகிய முகங்கள் தோன்றுவதாகவும் சிலர் கூறினர். ஆயினும், காதருகேயுள்ள மூளைப்பகுதி ஆராயப்பெற்ற 520 பேருள் அவ்வாறு கூறியோர் 40 பேரே என 1963இல் வெளியான அவரது ஆய்வுரை தெரிவிக்கின்றது.

2012இல் அமெரிக்க ஆய்வாளர் வலிப்பு நோயாளர் எழுவருக்குக் கணினித் திரையில் நகரமொன்றின் வழிகளைக் கற்பித்தனர். மின்தூண்டலோடு கற்ற வழிகள் நன்கு நினைவில் நின்றன. 2016இல் 49 பேரிடம் நிகழ்ந்த மற்றோர் ஆய்விலோ மின்தூண்டலால் நினைவு குன்றியது! நோயுற்றோர் நலங்கருதி இவ்வாய்வுகள் தொடர்தல் வேண்டும். தேர்வுக்குக் குறுக்குவழி தேடும் மாணவர் இவற்றை நம்புதல் தகாது.

வழியறியும் நினைவுக்குச் சான்று தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் மரபு உண்டு. எல்லைக்கல் நாட்டவியலாத நீர்ப்பரப்பில் இடமும் முறையும் தந்தை வழியே மைந்தர் நெஞ்சில் பதிகின்றன. நாள்தோறும் தொழில் செய்வதே அந்நினைவைக் காக்கின்றது. கப்பல் தளமும் துறைமுகமும் எழுந்த காட்டுப்பள்ளிக் கரையிலோ குப்பத்து மக்கள் இடம்பெயர நேர்ந்தது. கரையும் தொழிலும் கைவிட்டுப் போனால் அவற்றைப் பற்றிய நினைவும் ஒரு தலைமுறையோடு அற்றுப்போம். கல்லாத ஒன்றை எந்த மின்கம்பியும் நினைவூட்டாது.

1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர்க்குத் துணைநின்றது இடைவிடாப் பயிற்சியே. மாணவச் செல்வங்களே! நாளும் பயிலுங்கள். விடுமுறையில் பழவேற்காட்டுக் குப்பங்களுக்குச் சென்று, அங்குள்ள முதியோர் அறிந்த காற்றின் பெயர், மீனின் பெயர், பாட்டின் முறை அனைத்தையும் கேட்டு எழுதுங்கள். தமிழ்த்துறை இன்று ஆற்றத்தக்க நினைவுப்பணி இதுவே என்பது நம் துணிபு.