ட்ரெய்லரைப் பாத்துட்டு விமர்சனம் எழுதாதீங்க சாமி!

நேத்து நண்பர் ஒருத்தர் போன்ல சொன்னார்: "ஈ3 ஒழிஞ்சது நல்லதுதான் தல. வீட்ல உக்காந்தே எல்லாத்தையும் லைவ்ல பாத்துடறோம். எதுக்கு கண்காட்சி, எதுக்கு நிருபர்?" எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு: ஈ3 என்பது 1995ல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பிச்ச வீடியோ கேம் வர்த்தகக் கண்காட்சி. 2019க்கு அப்புறம் அரங்கத்துல நடக்கவே இல்ல. 2023 டிசம்பரில் ஒரேயடியா மூடிட்டாங்க. இப்ப கம்பெனிகளே வீடியோ போட்டு அறிவிச்சுக்கறாங்க.

அமெரிக்காவுக்கெல்லாம் நான் போனதில்லீங்க. ஒரு சின்ன கம்ப்யூட்டர் மாத இதழுக்கு எழுதிட்டிருந்தப்ப, திண்டுக்கல்ல ராத்திரி பஸ் ஏறி, காலையில நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துல போய் நிப்பேன். கழுத்துல 'பத்திரிகை' அட்டை மாட்டிட்டா கலெக்டர் கணக்கா ஒரு நடை, ஹி ஹி. ஒரு தடவ கார் ரேஸ் கேம் ஒண்ணு. பெரிய திரையில ஓடுன வீடியோ அட்டகாசம். கையில வாங்கி ஆடுனா, கார் சுவத்துக்குள்ள பூந்து காணாமப் போச்சு! பக்கத்துல நின்ன பையன் தலையச் சொறிஞ்சுக்கிட்டே, "அது இன்னும் முடியலண்ணே, ரிலீசுக்கு மூணு வாரந்தான் இருக்கு"ன்னான். அந்த ஒரு வரிக்குத்தான் நான் பஸ் ஏறுனது. எந்த லைவ்ல அது வரும்?

கண்காட்சியிலயும் புளுகுனாங்களேன்னு கேப்பீங்க. உண்மைதான். 2005 ஈ3ல சோனி காட்டுன கில்ஸோன் வீடியோ, ஆடுற கேமே இல்ல, தனியா செஞ்ச அனிமேஷன். ஆனா சந்தேகப்பட்டு எதிர்க்கேள்வி கேக்க அங்க ஆள் இருந்துச்சு. ஆடவே விடாம மறைச்சா என்னாகும்? சைபர்பங்க் 2077 வெளிவர்றதுக்கு முன்னாடி விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும். 2020 டிசம்பரில் பழைய பிளேஸ்டேஷன் 4க்கு காசு கொடுத்து வாங்குனவன் தலையில துண்டு. கடைசியில சோனியே தன் கடையிலருந்து அதைத் தூக்கிடுச்சு.

எங்க ஊர் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. நாகல் நகர்ல பூட்டு வாங்க வர்றவர் விளம்பரத்தப் பாத்தா வாங்குறார்? சாவியப் போட்டு நாலு தடவ திருப்பி, இழுத்துப் பாத்துட்டுத்தான் பணத்த எடுப்பார். நாலாயிரம், அஞ்சாயிரம் குடுத்து கேம் வாங்குற பையனுக்கு மட்டும் ட்ரெய்லர் போதுமா?

ஆக, என் கோவம் கம்பெனிக்காரன் மேல இல்ல. அவன் சரக்க அவன் புகழத்தான் செய்வான். அதே ட்ரெய்லர ஒட்டி, கீழ 'பட்டையக் கிளப்புது'ன்னு எழுதுறோமே, நம்ம மேலதான். இந்திய கேம் உருவாக்குநர் மாநாடு 2025 நவம்பரில் சென்னைக்கே வந்துச்சு. அடுத்து இப்படி ஒண்ணு நம்ம பக்கம் வந்தா, யாராவது ஒருத்தர் போங்கப்பா. ஆடிப் பாருங்க, பக்கத்துல நிக்கிற பையன்கிட்ட பேச்சு குடுங்க, அப்புறம் தமிழ்ல எழுதுங்க.

டிஸ்கி: ட்ரெய்லர் ரசிகர்கள் ஆட்டோ அனுப்ப வேணாம். பஸ் டிக்கெட் அனுப்புனா போதும், நானே போயிட்டு வந்து எழுதறேன்.