தணலில் முதல் பந்தி

சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது, அரண்மனைதான் இல்லை. அர்மீனியன் தெரு என்பது நம் வாயில் புகுந்து அப்படி ஆகிவிட்டது. 1772இல் கட்டிய அர்மீனியர்களின் தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. உலகின் முதல் அர்மீனிய இதழ் 1794இல் இந்த ஊரில்தான் அச்சானது. வியாபாரத்துக்கு வந்த அந்த மக்களின் சொந்த மண்ணில், விருந்தாளி வந்தால் அடுப்பு முற்றத்துக்கு வந்துவிடும். அந்தச் சமையலுக்குக் கொரோவட்ஸ் என்று பெயர்.

கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளை நீளத் தகரத் தொட்டியில் போட்டுக் கொளுத்துகிறார்கள். சூடு உக்கிரமாக இருக்கும்போதே கத்தரிக்காய், தக்காளி, குடமிளகாய் எல்லாம் முழுசு முழுசாகக் கம்பியில் ஏறிவிடும். தோல் கருகி வெடித்ததும் உருவி, கை பொறுக்காத சூட்டிலேயே உரித்து, வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்கிப் போட்டுக் கலக்கிறார்கள். கங்கின் மேல் சாம்பல் பூத்த பிறகுதான் கறிக்கு முறை வரும். எலும்போடு தடிமனாக வெட்டிய பன்றிக்கறி, அல்லது ஆட்டுக்கறி.

ஆதிகாலத்துச் சமையல் என்று அவர்களுக்கு இதில் பெருமை. கறியைப் பொறுத்தவரை சரிதான். நம் பொருநராற்றுப்படையிலும் கரிகாலன் வீட்டு விருந்தில் கம்பியில் சுட்ட கறி உண்டு. காய்களின் கதை வேறு. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கப் பயிர்கள். 1492இல் கொலம்பஸ் கடல் கடக்கும்வரை இந்தப் பக்கம் யாரும் அவற்றைக் கண்டதில்லை. கத்தரி நம் பக்கத்துச் செடி, பாரசீகம் வழியாக மேற்கே போனது. அர்மீனியர் பேச்சில் அது ‘பத்ரிஜான்’. போர்ச்சுக்கீசியர் வாய்வழி நமக்கே திரும்பிவந்த ‘பிரிஞ்சால்’ அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. விருந்தாளிக்கென்று மூட்டிய தீயில் முதல் பந்தியில் உட்காருவதே வெளியூர் விருந்தாளிகள்தான்!

கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு வைக்க நமக்கும் தெரியும். கறிக்குழம்பில் முருங்கைக்காயும் போடுகிறோம். ஆனால் காயையும் கறியையும் ஒரே தணலில் வாட்டும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றவில்லை. எனக்கு அது நஷ்டமாகவே படுகிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அன்றாடச் சமையல் அங்கேயும் பெண்கள் தலையில்தான். விருந்தன்று மட்டும் ஆண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புகையில் கண்ணைக் கசக்கியபடி பாராட்டை வாங்கிக்கொள்வார்கள்.

வெந்த கறியைக் கம்பியிலிருந்து உருவ, மெல்லிய லவாஷ் ரொட்டியே கைத்துணி. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ரொட்டி அது. அதையே பாத்திரத்தின் அடியிலும் விரித்து, கறியைக் கொட்டி, மேலும் ஒன்றால் மூடிவைக்கிறார்கள். கறி தீர்ந்த பிறகும் பந்தி எழாது. சாறு ஊறிக் கிடக்கும் அந்த அடி ரொட்டிக்குக் கைகள் நீளும்.