தார்ப்பாய்க்குள்ளே என்ன நடக்கிறது?

போன வருஷம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைப் பக்கம் ஒரு குட்டியானை வண்டி பஞ்சராகி நின்றது. மேலே தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே இருந்து ஆடு இருமுகிற சத்தம் கேட்டது. சைக்கிளை நிறுத்தினேன்.

"எங்க இருந்து தம்பி?"

"எட்டயபுரம் சந்தைங்கய்யா. தொண்டிப் பக்கம் போகணும்."

பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். ஜாக்கியை எடுத்து வைப்பதற்குள் அவன் போன் அடித்தது. மறுமுனையில் முதலாளி. "ஏன்டா, பத்து நிமிஷமா ஒரே இடத்துல நிக்குது?" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. வண்டியில் ஜி.பி.எஸ். வைத்திருக்கிறார்களாம். எங்கே நின்றாலும் அவருக்குத் தெரிந்துவிடுமாம்.

வெயில் தாங்காமல் தார்ப்பாயின் பின்பக்கத்தை அவிழ்த்தோம். ஆடுகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. அடியில் ஒரு கிடாய், கழுத்து மடங்கிக் கிடந்தது. மற்றவை அதன்மேல் மிதித்து நின்றன. "போயிருச்சுங்கய்யா, எப்பன்னு தெரியல" என்றான் பையன். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

வண்டி எங்கே நிற்கிறது என்று எங்கோ உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரிகிறது. முதுகுக்கு ஒரு முழம் பின்னால் என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியவில்லை. இந்த வயசில் எனக்குத் தொழில்நுட்பம் அதிகம் தெரியாதுதான். ஆனாலும் கருவியைத் தப்பான பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம் என்பது மட்டும் அன்றைக்குப் புரிந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபாவில் எடுத்த முயற்சியால் வந்தது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் கீழ் 1978இல் கால்நடைகளை ஏற்றிச் செல்வதற்கென்றே விதிகள் வந்தன. ஒரு லாரியில் மாடு என்றால் 6க்கு மேல் கூடாது, ஆடு என்றால் 40க்கு மேல் கூடாது. 2015இல் மோட்டார் வாகன விதியையும் திருத்தி, ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர், ஒரு ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் விட்டுத் தடுப்பு வைக்க வேண்டும் என்றார்கள். எல்லாம் காகிதத்தில் நேர்த்தியாக இருக்கிறது. 1960 சட்டத்தின்படி முதல் தடவை மாட்டிக்கொண்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இன்றைக்கு இரண்டு டீ, இரண்டு வடைக்கு ஆகிற காசு.

காகிதத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் அதில்தான் காலம் தள்ளினேன். ஓர் அலுவலகத்தில் வாகனப் பதிவேட்டை மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதி முடிப்போம். ஆடிட்டர் வருவார், டிக் போடுவார், போவார். கால்நடை மருத்துவர் தருகிற சான்றிதழும் வண்டி கிளம்புகிற இடத்தில் மிருகம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்லும். வழியில் நடந்ததை அந்தக் காகிதம் பார்க்கவில்லை. கேரளாவுக்கு லாரியில் போன மாடுகள் படுத்துவிடாதபடி கண்ணில் மிளகாயை வைத்த வழக்கு 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்ததே, அது வழியில் நடந்த கொடுமைதானே?

நான் சின்ன வயசில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வாத்தியார் ஒரு நாள் திக்தேயில், அதாவது சொல்வதெழுதுதலில், க்ராமோன் சட்டத்தைப் பற்றி எழுத வைத்தார். வளர்ப்பு மிருகங்களை வதைப்பதற்கு எதிராக 1850இல் பிரான்சில் வந்த சட்டம். அதில் ஒரு வார்த்தை இருந்தது: பொது இடத்தில். நாலு பேர் பார்க்க அடித்தால்தான் குற்றம். கொட்டடிக்குள் அடித்தால் குற்றமில்லை. 1959இல்தான் அந்த வார்த்தையை எடுத்தார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் நம் தார்ப்பாய் அந்த வேலையைச் செய்கிறது.

ஐரோப்பாவில் 2005ஆம் வருஷச் சட்டப்படி, 8 மணி நேரத்துக்கு மேல் மிருகங்களை ஏற்றிப்போகிற வண்டியில் வழியைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். உள்ளே வெப்பமானி வேண்டும். வெப்பம் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும், 5 டிகிரி முன்னே பின்னே போகலாம். எல்லை தாண்டினால் ஓட்டுநருக்கு மணி அடிக்கும். அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2023 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே மாற்ற முன்மொழிந்திருக்கிறார்கள். ஆனாலும் மணி அடிக்கிறது என்பது பெரிய விஷயம். எங்கள் ராமநாதபுரம் வெயிலில் 30 டிகிரி என்பது காலை எட்டு மணிக்கே தாண்டிவிடும். அந்த அளவை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஆட்டுக்கு நம் வெயிலுக்குத் தக்க அளவு வைக்கட்டும்.

வியாபாரி சொல்வார், "ஐயா, ஒரு ஆட்டுக்கு நூறு ரூபாய் நிக்கிறதே கஷ்டம், இதுல மிஷின் வேறயா?" நியாயம்தான். குட்டியானை ஓட்டுகிறவனிடம் ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். பொள்ளாச்சி சந்தையிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளா போகிற மாட்டு லாரிகளில் ஆரம்பிக்கட்டும். பஸ்ஸுக்கும் வாடகைக் காருக்கும் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்று மத்திய அரசு 2019 முதல் விதி வைத்திருக்கிறது. மாட்டின் காதிலும் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் தோடு போட்டாகிவிட்டது. இரண்டையும் சேர்த்து, உள்ளே ஒரு வெப்பமானியும் ஒரு கேமராவும் வைப்பது பெரிய விஞ்ஞானமில்லை.

எனக்கு இருக்கிற ஒரே பயம், எங்கள் பதிவேட்டுக்கு வந்த கதி இதற்கும் வந்துவிடக்கூடாது. கருவி அனுப்புகிற தகவல் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் போய்க் குவிந்து கிடந்தால் யாருக்கு லாபம்? மணி அடித்தால் லாரியை மறித்து நிறுத்த ஒருவருக்குப் பொறுப்பு வேண்டும், இறக்கித் தண்ணீர் காட்ட வழியில் ஓர் இடம் வேண்டும். கருவியை விட அந்த இடத்துக்குத்தான் செலவு அதிகம் ஆகும்.

அன்றைக்கு நானும் அந்தப் பையனும் வண்டியைக் கருவேல மர நிழலுக்குத் தள்ளினோம். பக்கத்து வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். கிளம்பும்போது பின்பக்கத் தார்ப்பாயைக் கட்டாமல் போகச் சொன்னேன். "சரிங்கய்யா" என்று சுருட்டி மேலே போட்டான். அதற்குள் முதலாளியின் போன் மறுபடி அடித்தது.