"அவனுக்கு ஓவியம் வராது" என்போருக்கு



"அவனுக்கு ஓவியமெல்லாம் வராது, சார்." பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாயார், ஐந்தாம் ஆண்டில் பயிலும் தம் மகனை அருகில் நிறுத்திக்கொண்டே என்னிடம் இவ்வாறு கூறினார். பையன் தலைகுனிந்து நின்றான். நான் மறுத்துரைக்கவில்லை. அந்த மௌனத்திற்காக வெட்கப்படுகிறேன், ஆதலால் எழுதுகிறேன்.

ஓவியம் பிறவிக்கொடை என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. அதன் விளைவு என்ன? இரண்டு மலைகள், நடுவே சூரியன், கீழே ஒரு வீடு. முதலாம் ஆண்டில் வரைந்த இதே படத்தையே ஆறாம் ஆண்டிலும் வரைகிறார்கள். வாய்பாடு தெரியாத மாணவனை, "அவனுக்குக் கணிதம் வராது" என்று கைகழுவுகிறோமா? கூடுதல் வகுப்பல்லவா நடத்துகிறோம்!

இந்நம்பிக்கை பொய் என்பதற்கு இருபுள்ளி இயலுறு தோற்றமே சான்று. நம் ஊர் மூலைக் கடைவீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மூலைக்கு எதிரே நின்றால் இரு சுவர்களும் இருபுறமாக விலகிச் செல்வது தெரியும். தாளில் முதலில் கண்மட்டக் கோடு. அதன் இரு முனைகளிலும் மறைபுள்ளிகள். நடுவே, கட்டடத்தின் மூலைக்கு ஒரு செங்குத்துக் கோடு. அதன் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் இரு புள்ளிகளுக்கும் கோடுகள் இழுக்க வேண்டும். கண்மட்டத்திற்கு மேலுள்ள கூரைக்கோடு புள்ளியை நோக்கி இறங்கும்; கீழுள்ள தரைக்கோடு ஏறும். செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும். சுவரின் மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடமே, தூரத்தால் குறுகித் தோன்றும் அச்சுவரின் நடு. மறைபுள்ளிகள் நெருங்கியிருந்தால் கட்டடம் கோணலாகும். அவற்றைத் தாளுக்கு வெளியே, மேசைமீது குறித்துக்கொள்ளலாம்.

இதில் பிறவிக்கொடை எங்கே இருக்கிறது? அளவுகோல் இருக்கிறது, வடிவியல் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. புளோரன்சு நகரில் புருனெல்லெஸ்கி செய்துகாட்டிய இயலுறு தோற்றத்தின் அடிப்படைகளை, ஆல்பர்ட்டி 1435இல் ஓவியர்களுக்கென நூலாகவே எழுதினார். கற்பிக்க இயலாதது என்றால் நூல் எதற்கு?

"அளவுகோல் கற்பனையைக் கொன்றுவிடும்" என்பார் சிலர். இலக்கணம் கற்றவன் கவிதை எழுத மாட்டானா? விதி தெரிந்தவனே அதனை மீறவும் அறிவான்.

"தேர்வில் வராத பாடம்" என்பது மற்றொரு வாதம். யு.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிக்கப்பட்டபோதே அந்தச் சாக்கும் ஒழிந்திருக்க வேண்டும். ஆயினும் கலைக்கல்விப் பாடவேளையைக் 'கடன்' வாங்கும் வழக்கம் நம்மில் பலரை விடவில்லை. அக்கடனைத் திருப்பித் தந்தவர் யார்? கடன் வாங்காதவரோ வெண்பலகையில் ஒரு பெட்டியை வரைந்து, "இதைப் பார்த்து வரை" என்கிறார். அது படியெடுத்தல், கற்பித்தல் அன்று. நானும் பல ஆண்டுகள் அதையே செய்தேன்.

சென்ற வாரம் மாணவர்களைப் பள்ளிக் கட்டடத்தின் மூலைக்கு எதிரே அமர்த்தினேன். அந்தப் பையன் இருமுறை அழித்தான். மூன்றாம் முறை கூரைக்கோடு சரியாக இறங்கியது. "சார், எழுந்து நின்றால் கண்மட்டக் கோடும் உயருமா?" என்று கேட்டான். எழுந்து நின்று, தானே விடையும் கண்டான்.

அடுத்த சந்திப்பில் அந்தத் தாயாருக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்: "அம்மா, அவனுக்கு வராமல் போகவில்லை. நாங்கள் கற்பிக்காமல் போனோம்."